கம்பெனி ரகசியம் எந்த வழியாக வெளியே போனது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நூல்கண்டு

வணக்கமுங்க. திருப்பூரில் நாலைந்து பனியன் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு மெயில், சர்வர், சிசிடிவி, பிரிண்டர் எல்லாம் பார்த்துக்கொடுப்பது என் பிழைப்பு. அதில் ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, "நாம எந்த ரேட் கோட் பண்ணாலும் அதுக்கு அஞ்சு சென்ட் கீழ ஒருத்தன் வந்து நிக்கறான் தம்பி, ஆபீஸ்ல ஒட்டுக்கேட்கற மிஷின் ஏதாவது வெச்சிருக்காங்களா பாரு" என்றார். அவருக்கு மேஜைக்கு அடியில்தான் சந்தேகம்.

அங்கே ஒரு சீனியர் மெர்ச்சண்டைசர் (பையரிடம் பேசி ரேட், ஆர்டர் பார்க்கிறவர்) வேலையை விட்டுப் போயிருந்தார். லேப்டாப்பைத் திரும்ப வாங்கி, பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார்கள். ஆனால் பையர்கள், அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், அந்த மெயில் ஐடிக்கே எழுதிப் பழகிவிட்டதால் ஐடியை மூடாமல், புதிதாக வந்த பெண்ணிடம் கொடுத்திருந்தார்கள். அந்த மெயில்பெட்டியின் செட்டிங்ஸைத் திறந்து ஃபார்வர்டிங் பக்கம் போய்ப் பார்த்தால், உள்ளே வருகிற ஒவ்வொரு மெயிலும் ஒரு தனியார் ஜிமெயிலுக்கு நகல் போய்க்கொண்டிருக்கிறது. வேலையில் இருந்த காலத்திலேயே, ஏதோ வசதிக்காகவோ வேறு எதற்கோ அவர் போட்டு வைத்தது. பாஸ்வேர்டை மாற்றினாலும் இது அழியாது. பையர் "இவ்வளவுக்கு முடியுமா" என்று நம் ரேட்டையும் கீழே வைத்துப் பதில் போடுவாரே, அந்தப் பதிலே அங்கேயும் போய் இறங்கியிருக்கிறது.

கூகுள் மெயிலை கம்பெனி டொமைனில் வைத்திருப்பவர்கள் அட்மின் பக்கத்தில் இந்தத் தானியங்கி ஃபார்வர்டிங்கை எல்லாருக்கும் மொத்தமாக அணைத்துவிடலாம். மைக்ரோசாஃப்ட் 365-இல் வெளியே போவது இப்போது இயல்பாகவே தடுக்கப்பட்டுத்தான் இருக்கும், யாராவது திறந்துவிட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் லட்ச ரூபாய்க்கு ஃபயர்வால் வாங்கின இடம் எனக்கு நிறையத் தெரியும்.

உங்கள் கம்பெனியில் எந்தப் பக்கம் ஒழுகியது என்று சொல்லுங்கள்.

காஸ்டிங் அக்கா

மெர்ச்சண்டைசர் வேலையில் இருப்பவள் என்பதால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏதாவது கசிந்தால் உடனே எங்களைத்தான் பார்க்கிறார்கள். முதலாளியின் மச்சான் போனில் மொத்த ஆர்டர் ஷீட்டும் இருக்கும், அதை யாரும் கேட்பதில்லை.

சரி, என் அனுபவம். ஒரு பையிங் ஆபீஸ் (பையருக்காக ஃபேக்டரிகளிடம் ரேட் வாங்குகிற ஆபீஸ்) புது ஸ்டைல்களுக்கு ரேட் நிரப்பித் தரச்சொல்லி எக்செல் ஃபைல் அனுப்பினார்கள். நூல் விலை, நிட்டிங், டையிங், சிஎம்டி (வெட்டித் தைக்கிற கூலி), ஆக்சசரீஸ் என்று வழக்கமான கட்டங்கள்தான். கீழே ஷீட் பெயர்கள் ஒன்று, இரண்டு, நான்கு என்று இருந்தன. மூன்றைக் காணோம். ரைட் கிளிக் செய்து அன்ஹைட் கொடுத்தால், அதே ஸ்டைலுக்கு இன்னும் மூன்று ஃபேக்டரிகள் கொடுத்த ரேட் கம்பெனிப் பெயரோடு வரிசையாக இருக்கிறது. அடுத்த முறை எங்கள் ரேட்டும் இப்படித்தானே யாருக்கோ போகும் என்று நினைத்ததும், எங்கள் எம்.டி.யிடம் சொல்லி அந்த ஆபீஸுக்கு எக்செல் அனுப்புவதையே நிறுத்திவிட்டோம். பிடிஎஃப் மட்டும்தான். கொஞ்சம் முகம் சுளித்தார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள்.

மறைத்து வைத்த ஷீட் என்பது அழித்த ஷீட் இல்லை, இது சின்னக் கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் வருகிற சிக்கலும் இல்லை. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறை, தகவல் கேட்ட ஒருவருக்குக் கொடுத்த எக்செல் ஃபைலில் இப்படி ஒரு மறைந்த ஷீட் இருந்து, ஏறக்குறைய 9,500 போலீஸார், ஊழியர்களின் பெயர், பதவி, வேலை செய்யும் இடம் எல்லாம் இணையத்தில் வந்துவிட்டது. போலீஸ்காரர் என்று தெரிந்தாலே உயிருக்கு ஆபத்து இருக்கிற ஊர் அது. 7,50,000 பவுண்டு அபராதம் போட்டார்கள். எக்செல்லில் ஃபைல் மெனுவுக்குள் இன்ஃபோ போனால் இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்று ஒன்று இருக்கிறது, மறைந்த ஷீட், மறைந்த நெடுவரிசை, கமென்ட், எழுதியவர் பெயர் எல்லாம் காட்டும். அனுப்புவதற்கு முன் அதை ஓட்டிப் பாருங்கள். அதைவிடச் சுலபம், வேண்டிய கட்டங்களை மட்டும் காப்பி செய்து புது ஃபைலில் வேல்யூஸாக ஒட்டுவது.

இன்னொன்று வாட்ஸ்அப். பிரிண்டிங் யூனிட்காரர் ஒரே குரூப்பில் ஐந்தாறு கம்பெனி மெர்ச்சண்டைசர்களையும் சேர்த்து வைத்திருப்பார், அவருக்கு அது வசதி. அதில் ஒரு பையன் அடுத்த சம்மருக்கான டெக் பேக்கை (உடையை எப்படிச் செய்ய வேண்டும் என்கிற விவரத் தொகுப்பு) முழுசாகப் போடுகிறான், பையர் பெயர், ஆர்டர் அளவு, டெலிவரி தேதி, ஆர்ட்வொர்க் எல்லாம் சேர்த்து. குரூப்பை விட்டு ஆளை எடுத்தாலும் அவர் போனில் ஏற்கெனவே வந்தது அப்படியேதான் இருக்கும். பிரிண்டிங் யூனிட்டுக்கு வேண்டியது ஆர்ட்வொர்க்கும் கலர் நம்பரும் பிரிண்ட் எந்த இடத்தில் வரும் என்பதும்தான். பையர் யார், எத்தனை பீஸ் மொத்த ஆர்டர் என்பதெல்லாம் அவருக்கு எதற்கு? இப்போது ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கூலிக்குச் செய்யக் கொடுப்பது) போகிற ஒவ்வொரு பேப்பரிலும் எங்கள் சொந்த ஸ்டைல் நம்பர் மட்டும்தான் இருக்கும்.

கரூர்க்காரன்

அக்கா சொன்னது நியாயம். எங்கள் ஊர்க் கதை பணத்தோடு சேர்ந்தது. தெரிந்தவர் ஒருவர் திரைச்சீலை, மேஜைவிரிப்பு ஏற்றுமதி செய்கிறார். கன்டெய்னர் போய்ச் சேர்ந்துவிட்டது, பணம் வரவில்லை. பையரைக் கேட்டால் "போன வாரமே புதுக் கணக்குக்கு அனுப்பிவிட்டேனே" என்கிறார். எந்தப் புதுக் கணக்கு? பையர் அனுப்பிக் காட்டிய இன்வாய்ஸ் அச்சு அசல் இவருடையது, லெட்டர்ஹெட், சீல், இன்வாய்ஸ் நம்பர், பீஸ் கணக்கு எல்லாம் சரி. பேங்க் விவரம் இருக்கிற அந்த வரிசை மட்டும் வேறு, அதுவும் வேறொரு நாட்டு வங்கி. இவருடைய மெயில்பெட்டியை யாரோ பல வாரமாக உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். எப்போது ஷிப்மென்ட், எப்போது பேமென்ட், பையரை இவர் எப்படிக் கூப்பிடுவார் என்பது வரைக்கும் தெரிந்திருக்கிறது. கடைசி மெயில் வந்த டொமைனில் "எம்" இருக்க வேண்டிய இடத்தில் "ஆர்", "என்" இரண்டையும் ஒட்டிப் போட்டிருந்தார்கள். போன் திரையில் யாருக்குத் தெரியும்?

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே கூப்பிட்டார்கள். அந்த நம்பர் உள்நாட்டுக் கணக்கில் பணம் இன்னும் நிற்கிறபோது உதவும், சீக்கிரம் சொன்னால் முடக்கிவிட வாய்ப்பு உண்டு. வெளிநாட்டுக் கணக்குக்குப் போனதற்கு பையருடைய வங்கிதான் திரும்பக் கேட்க வேண்டும், ஒரு வாரம் தாண்டினால் பெரும்பாலும் கோவிந்தாதான்.

அந்த மெயிலில் இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) போட்டிருக்கவில்லை. இப்போது போட்டிருக்கிறார்கள், அதோடு முன்கூட்டியே அனுப்புகிற ஒவ்வொரு ப்ரொஃபார்மா இன்வாய்ஸிலும் "எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் மெயிலில் சொல்ல மாட்டோம், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் நம்பரில் கூப்பிட்டுக் கேளுங்கள்" என்று ஒரு வரி. மெயிலிலேயே வருகிற நம்பருக்குக் கூப்பிட்டால் திருடனே எடுத்து, ஆமாம் சரிதான் என்று சொல்வான்.

டேலி மாமா

நான் பார்ட் டைமாக ஏழெட்டு இடத்தில் கணக்கு எழுதுகிறவன். எல்லாரும் மெயிலைச் சொல்கிறீர்கள், கணக்கு மென்பொருளான டேலியின் டேட்டா ஃபோல்டரை யாருமே பூட்டுவதில்லை. சாயங்காலம் பேக்கப் என்று சொல்லிப் பென்டிரைவில் எடுத்து, அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறார்கள். டேட்டாவையே பூட்டுகிற வால்ட் பாஸ்வேர்ட் போடாத கம்பெனியாக இருந்தால் அந்த ஃபோல்டரை யார் வேண்டுமானாலும் தன் கம்ப்யூட்டரில் திறந்து யாரிடம் என்ன விலைக்கு நூல் வாங்குகிறீர்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது வரை பார்க்கலாம்.

அடுத்தது, எல்லாரும் அட்மின் ஐடியிலேயே உள்ளே போவது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிச் சட்டத்தில் பதிவானவர்கள் யார் எந்த வவுச்சரை (கணக்குப் பதிவை) எப்போது மாற்றினார்கள் என்கிற தடத்தை மென்பொருளில் வைத்தே ஆகவேண்டும். ஆடிட்டருக்காக அதை ஆன் செய்துவிட்டு எல்லாரும் ஒரே பெயரில் போனால் அந்தத் தடத்தில் என்ன தெரியும், "அட்மின், அட்மின், அட்மின்" என்று இருக்கும். ஆளுக்கு ஒரு ஐடி போடுங்கள், ஸ்டோர்ஸ் பையனுக்கு ஸ்டாக் மட்டும் தெரிந்தால் போதும், லாப நட்டக் கணக்கு எதற்கு?

நூல்கண்டு தம்பிக்கு ஒரு கேள்வி. வேலையை விட்டுப் போகிறவன் போட்டிக் கம்பெனியில் இரண்டு வருஷம் சேரக்கூடாது என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்குகிறார்களே, அது செல்லுமா?

எச்ஆர் கோவை

மாமா, அதற்கு நான் சொல்கிறேன். வேலையை விட்ட பிறகு வேறிடத்தில் சேரக்கூடாது என்பது இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவுப்படி செல்லாது. ஸ்டாம்ப் பேப்பர் செலவுதான் மிச்சம். ஆனால் கம்பெனி டேட்டாவை அனுமதி இல்லாமல் காப்பி எடுக்கக்கூடாது, வெளியே கொடுக்கக்கூடாது என்பது வேறு. 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-வது பிரிவில் நஷ்டஈடு கேட்கலாம், கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் 66-வது பிரிவில் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. எது ரகசியம் என்று வேலைக்குச் சேரும்போதே எழுத்தில் காட்டியிருந்தால் இது நன்றாக நிற்கும், சும்மா "எல்லாமே ரகசியம்" என்று ஒரு வரி எழுதினால் வக்கீலுக்குப் பிடி கிடைக்காது.

எனக்கு வேறொரு வருத்தம் இருக்கிறது. இங்கே பேசுகிற எல்லாமே முதலாளியின் ரகசியம். தொழிலாளியின் ஆதார், பேங்க் பாஸ்புக், பிஎஃப் நம்பர் யாருடையது? ஒரு யூனிட்டுக்குப் போயிருந்தபோது, லைன் சூப்பர்வைசர் உற்பத்திக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு பெண்ணின் ஆதார் ஜெராக்ஸ், நம்பர், முகவரி, போட்டோவோடு. பேப்பர் மிச்சம் பிடிக்கிறார்களாம். சேர்க்கை நேரத்தில் அவசரமாகப் பக்கத்துப் பிரவுசிங் சென்டருக்குப் போய் ஸ்கேன் எடுப்பார்கள், அந்தக் கடை டெஸ்க்டாப்பில் ஐம்பது பேர் ஆதார் அப்படியே கிடக்கும். கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், அடையாளம் பார்க்க மட்டும் என்றால் அது போதும். பிஎஃப்புக்கு முழு நம்பர் வேண்டும்தான், பதிவு முடிந்ததும் ஜெராக்ஸை வைத்திருக்க என்ன காரணம் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் போதிய பாதுகாப்பு செய்யாமல் விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். "அது எல்லாம் பெரிய ஐடி கம்பெனிக்குங்க" என்று எங்கள் ஆட்களே சொல்கிறார்கள். ஐநூறு தொழிலாளிகளின் விவரத்தை எக்செல்லில் வைத்திருக்கிறவருக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம் ஜெராக்ஸ் மிஷின். வாடகைக்கு எடுக்கிற பெரிய மிஷின்களில் ஹார்ட் டிஸ்க் இருப்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் அஃபினிட்டி என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வாடகை மிஷினை அழிக்காமல் திருப்பிக் கொடுத்தது, அதை 2010-இல் ஒரு டிவி சேனல் வாங்கிப் பார்த்தால் நோயாளிகள் விவரம் உள்ளே. 2013-இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டினார்கள். மிஷின் திரும்பப் போகும்போது டிஸ்க்கை அழித்ததாக எழுதி வாங்குங்கள்.

காஸ்டிங் அக்கா

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பையருக்கு இங்கிலீஷில் மெயில் எழுத இப்போது பசங்க எல்லாரும் சாட்ஜிபிடிதான். மெயிலை அழகாக்கச் சொல்லிவிட்டுக் கீழே முழுக் காஸ்டிங்கையும் ஒட்டுகிறார்கள், அதுவும் சொந்தக் கணக்கில். 2023-இல் சாம்சங் இன்ஜினியர்கள் கம்பெனி நிரல்வரிகளை அதில் போட்டு, கம்பெனி அதைத் தடை செய்தது. நாங்கள் தடை போடவில்லை, போட்டாலும் போனில் செய்வார்கள். எண்ணையும் பெயரையும் எடுத்துவிட்டுக் கேள் என்று சொல்லியிருக்கிறோம்.

நூல்கண்டு

எல்லாருக்கும் நன்றிங்க. தனிச்செய்தியில் சிலர், டேட்டா வெளியே போவதைத் தடுக்கிற மென்பொருள் எது வாங்கலாம் என்று கேட்டார்கள். நூறு கம்ப்யூட்டருக்கு மேல் இருந்து, அதைத் தினமும் பார்க்க ஓர் ஆளும் இருந்தால் வாங்குங்கள். ஆள் இல்லாவிட்டால் அது தினம் இருநூறு எச்சரிக்கை அனுப்பும், இரண்டாம் வாரம் அதை அணைத்துவிடுவார்கள், இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சின்ன இடத்தில் நான் செய்வது இவ்வளவுதான். பென்டிரைவ் போர்ட்டை அணைப்பேன். கூகுள் டிரைவில் "லிங்க் இருக்கிற எவரும் பார்க்கலாம்" என்று பகிர்ந்த ஃபைல்களைத் தேடி மூடுவேன், முதல்முறை தேடினால் முதலாளிக்கே வியர்த்துவிடும். டெக் பேக்கில் வாங்குகிறவர் பெயரை ஒவ்வொரு பக்கத்திலும் வெளிறிய எழுத்தில் குறுக்காகப் போட்டு அனுப்பச் சொல்வேன். திரையைப் போனில் போட்டோ எடுப்பதை எந்த மென்பொருளும் தடுக்காது, ஆனால் அந்தப் போட்டோ எங்காவது சுற்றினால் யாருக்குக் கொடுத்தது என்பது அதிலேயே இருக்கும்.

மெயில் ஹேக் ஆகியிருந்தால் முதலில் ஃபார்மட் போட்டுவிடாதீர்கள், தடயம் எல்லாம் போய்விடும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி இது மாதிரி சம்பவத்தைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், லாக் (கணினியில் நடந்தவற்றின் பதிவு) 180 நாள் வைத்திருக்க வேண்டும். முதல் கதையில் சொன்ன கம்பெனியில் அந்த லாக் இருந்ததால்தான் என்னென்ன மெயில் வெளியே போனது என்று பட்டியல் எடுக்க முடிந்தது. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, இன்னும் பதில் வரவில்லை. பையர் அதே பழைய ஐடிக்கேதான் இன்னும் மெயில் போடுகிறார், இப்போது அதை ஒரு பொது ஐடியாக மாற்றி இரண்டு பேரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.