சிங்கப்பூர் ஆற்றங்கரை: பழைய துறையின் தடயம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

மீனா_க
அடுத்த மாதம் அப்பா அம்மாவோடு சிங்கப்பூர் வருகிறோம். கிளார்க் கீ, போட் கீ (கீ என்றால் படகுத்துறை) பற்றி எந்த வீடியோவைப் பார்த்தாலும் இரவு விளக்கு, பார், படகுச் சவாரி, அவ்வளவுதான். அப்பா துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். "அங்கே முன்னாடி எல்லாம் சரக்குக் கிடங்குதானே? அதுல ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்கிறார். அவரை அழைத்துப் போய்க் காட்ட உருப்படியாக ஏதாவது உண்டா? அம்மாவுக்கு மூட்டுவலி, ரொம்ப நடக்க முடியாது.

சுரேஷ்_பயணி
மாலை ஏழு மணிக்கு மேல் போங்க, சூப்பரா இருக்கும். பழசு என்று தேடினால் ஏமாற்றம்தான். பெயின்ட் அடித்த கடைகள், மெனு கார்டோடு வழிமறிக்கும் ஆட்கள், வேறு ஒன்றும் கிடையாது.

தொங்கான்காரன்
சுரேஷ் தம்பி சொல்வது ராத்திரிக்குச் சரி. மீனா, நீங்கள் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். கடை எதுவும் திறந்திருக்காது, நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அப்போதுதான் கரை கண்ணுக்குத் தெரியும்.

ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி கேவனா பாலத்துக்குப் போங்கள். 1869இல் கட்டி முடித்த பாலம், இரும்பெல்லாம் கிளாஸ்கோவிலிருந்து வந்தது. பாலத்து முனையில் ஒரு பழைய அறிவிப்புப் பலகை இருக்கிறது. மூன்று ஹண்டர்வெயிட்டுக்கு மேல், அதாவது சுமார் 150 கிலோவுக்கு மேல், பாரமுள்ள வண்டி போகக்கூடாது, மாடும் குதிரையும் கூடாது என்று போலீஸ் உத்தரவு. முக்கால்வாசிப் பேர் அதைப் பார்க்காமலே செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

பாலம் கொஞ்சம் தாழ்வு. அந்தக் காலத்தில் கடல்நீர் ஏறும்போது தொங்கான்கள், அதாவது சரக்குப் படகுகள், அடியில் நுழைய முடியாது. தண்ணீர் வடியும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். உங்கள் அப்பாவுக்கு இதை விளக்கவே வேண்டாம். இப்போது போனால் அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்க்க முடியாது. 2008இல் கழிமுகத்தில் மரினா அணைக்கட்டு வந்தபிறகு ஆறு நன்னீர்த் தேக்கத்தோடு சேர்ந்துவிட்டது.

பாலத்திலிருந்து தென்கரையோடு மேலே நடந்தால் போட் கீ. சதுப்பு நிலமாகக் கிடந்த இடம். 1822இல் ஒரு சின்னக் குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். குன்று இருந்த இடம்தான் இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ். கப்பல்கள் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கைத் தொங்கான்தான் உள்ளே கொண்டுவரும். ஆரம்பத்தில் அந்தத் தொழிலில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் ஆட்கள்தான் அதிகம், சூலியாக்கள் என்பார்கள். பிறகுதான் சீனர்கள் கைக்குப் போனது. பக்கத்திலேயே சூலியா ஸ்ட்ரீட் இன்னும் அந்தப் பெயரோடு இருக்கிறது.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். படகிலிருந்து கரைக்கு ஒரு ஒடுக்கமான பலகை போட்டிருப்பார்கள். கூலிகள் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அதன்மேல் நடந்து வருவார்கள். மூட்டைக்கு ஒரு மூங்கில் குச்சி கையில் கொடுப்பார்கள். குச்சியை எண்ணித்தான் கூலி. டாலி பார்த்தவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கரைச் சுவரில் தண்ணீருக்கு இறங்கும் படிகள் அங்கங்கே இருக்கின்றன. ஒரு படிக்கட்டுக்கு மேலே அப்பாவை நிறுத்தி, அந்தப் பலகையையும் குச்சியையும் பற்றிச் சொல்லுங்கள்.

கிளார்க் கீ எனக்கு அவ்வளவாக ஒட்டாது. கிடங்கு வரிசைகளை இடிக்காமல் விட்டதற்குப் பாராட்டலாம். 1993இல் கடைத்தெருவாகத் திறந்தார்கள், பிறகு 2006 வாக்கில் தெருவுக்கு மேலே பெரிய கூரையும் வந்தது. மழைக்கு நல்லதுதான். ஆனால் அண்ணாந்து பார்த்தால் கிடங்கின் ஓட்டுக்கூரைக்குப் பதில் அதுதான் தெரிகிறது. சரக்குப் படகே இல்லாத துறை வேறு. 1983இல் எண்ணூறுக்கும் மேற்பட்ட தொங்கான்களை மொத்தமாகப் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

வள்ளி_தேங்க்ரோடு
அண்ணே, நாற்றத்தை மறந்துவிட்டீர்களா? பஸ் எல்ஜின் பாலத்தை நெருங்கினாலே எங்கம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். எண்ணெய், அழுகிய காய்கறி, சாக்கடை எல்லாம் ஆற்றில்தான். 1977இல் பிரதமர் லீ குவான் யூ பத்து வருஷம் கெடு கொடுத்துச் சுத்தம் செய்யச் சொன்னார். பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, புறம்போக்குக் குடிசைகள், தெருவோரச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாவற்றையும் நகர்த்தி 1987இல் முடித்தார்கள். தொங்கான் போகாமல் அது நடந்திருக்காது.

மீனா, ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கேவனா பாலத்துக்குப் பக்கத்தில், ஆசிய நாகரிக அரும்பொருளகத்தை ஒட்டி ஒரு சிலைத் தொகுதி உண்டு: செட்டியாரிலிருந்து இன்றைய நிதித்துறை ஆட்கள்வரை. போட் கீக்குப் பின்னால் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில்தான் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டகமும் சாய்வு மேசையும் வைத்து வரவுசெலவு பார்த்தவர்கள். கட்டடங்கள் எழுபதுகளில் போய்விட்டன. அவர்கள் 1859இல் நிறுவிய தண்டாயுதபாணி கோயில் மட்டும், பின்னாளில் புதிதாக எழுப்பிய கட்டடத்தில், தேங்க் ரோட்டில் இருக்கிறது, கிளார்க் கீயிலிருந்து பக்கம்தான்.

தொங்கான்காரன்
வள்ளி, நாற்றம் போனதில் எனக்கென்ன வருத்தம்? நாலு தொங்கானையாவது மூட்டையோடு கட்டி நிறுத்தியிருக்கலாம் என்கிறேன். இப்போது ஓடும் சுற்றுலாப் படகுகளில் முகப்பில் வரைந்த கண் இருக்கிறது, உள்ளே சரக்குக்குப் பதில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

மீனா_க
ரொம்ப நன்றி ஐயா, நன்றி அக்கா. மூங்கில் குச்சி விஷயத்தைச் சொன்னதும் அப்பா பழைய கதைகளை ஆரம்பித்துவிட்டார். அம்மாவுக்கு ஏற்ற மாதிரி சுருக்கமாக நடக்க வழி உண்டா?

வள்ளி_தேங்க்ரோடு
கேவனா பாலம் முதல் எல்ஜின் பாலம்வரை போதும். நிதானமாக நடந்தாலும் பத்து நிமிஷம், தரையும் சமதளம். எல்ஜின் பாலத்துக்கு அடியில் நடைபாதை இருக்கிறது, சாலையைக் கடக்க வேண்டாம். அம்மாவுக்கு முடிந்தால் இன்னும் கொஞ்சம் நடந்து, அதே தென்கரையில் இருக்கும் கிளார்க் கீ எம்ஆர்டியில் ஏறிவிடலாம். முடியாவிட்டால் போட் கீயிலேயே டாக்ஸி பிடியுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது, குடை கட்டாயம்.

சுரேஷ்_பயணி
அந்த அறிவிப்புப் பலகையை நானும் பார்த்ததில்லை. கேவனா பாலத்தின் இரண்டு முனையிலும் இருக்கா, ஒரு பக்கம் மட்டுமா?

தொங்கான்காரன்
இரண்டு பக்கமும் உண்டு தம்பி. அடுத்த முறை ஃபோனைப் பையில் வைத்துவிட்டு நடங்கள்.