க்ளிப்பிங்: கடைக்குறையா, நறுக்குச்சொல்லா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்தப் பருவம் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டுக்குச் சொல்லாக்கம் எடுக்கிறேன். நீளமான சொல்லை வெட்டிக் குட்டையாக்குவதை ஆங்கிலத்தில் க்ளிப்பிங் என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி. எக்ஸாமினேஷன் வால் போய் எக்ஸாம் ஆனது, டெலிபோன் தலை போய் போன் ஆனது, இன்ஃபுளுயென்சா இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு ஃப்ளூ ஆனது என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி "அப்போ ஊட்டி?" என்கிறாள். எனக்கு இத்தனை வருடம் தோன்றவே இல்லை! ஊட்டகமண்ட் என்பதில் 'மண்ட்' நம் மந்து, தோடர் குடியிருப்பு. வெள்ளைக்காரனுக்கு அது எங்கே தொடங்குகிறது என்ற கவலையே இல்லாமல் 'ஊட்' வரை வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டு ஓர் 'இ' ஒட்டினான். டெலிவிஷனை டெலி (telly) ஆக்கிய அதே வேலை.

க்ளிப்பிங்குக்குக் கடைக்குறை என்ற பழைய இலக்கணச் சொல்லே போதுமே என்று போன மடலில் எழுதியிருந்தார்கள். நன்னூலின் 'ஒருமொழி மூவழிக் குறைதல்', அதாவது ஒரு சொல் முதலிலோ இடையிலோ கடையிலோ குறைவது, செய்யுளுக்காக வருவது. தாமரை மரை ஆவதும், நீலம் நீல் ஆவதும் பாட்டுக்குள்தான். டீக்கடையில் யாரும் மரை என்று சொல்லித் தாமரையைக் கேட்பதில்லை. எக்ஸாம் டீக்கடைச் சொல். பேச்சில் சிதைந்து மருவிய பெயரான மரூஉவும் ஒத்துவராது. உதகமண்டலம் உதகை ஆனது மரூஉ, சரி, ஆனால் கோயம்புத்தூர் கோவை ஆனதில் வெட்டு மட்டுமா இருக்கிறது, ஓசையே திரிந்துவிட்டதே. (பேருந்துப் பலகையில் உதகை, நடத்துநர் வாயில் ஊட்டி, இரண்டும் ஒரே வண்டி.)

பின்னாக்கம் (back-formation) என்ற சொல்லை எடிட்டரிலிருந்து எடிட் பிறந்த வகைக்கு வைத்துவிடலாம். அங்கே பெயர் வினையாகிறது. இங்கே எக்ஸாமும் பெயர்தான், எக்ஸாமினேஷனும் பெயர்தான்.

எனக்கு முதலில் தோன்றியது கவாத்து. தேயிலையைக் கவாத்து வெட்டினால்தானே கொழுந்து வருகிறது, வெட்டின ஊட்டில் 'இ' துளிர்த்த மாதிரி. ஆனால் மலைக்குக் கீழே சமவெளியில் கவாத்து என்றால் போலீஸ் அணிவகுப்பு என்பார்கள். அதனால் நறுக்கல், விளைவது நறுக்குச்சொல். வகைகள் தலைநறுக்கு, வால்நறுக்கு, இருபுற நறுக்கு.

- குன்னூரிலிருந்து

மறுமொழி:

நறுக்குச்சொல் பிடித்திருக்கிறது சார், வாயில் நிற்கிறது. ஆனால் ஊட்டியை அதில் போடாதீர்கள், வெட்டியதோடு நிற்காமல் விகுதியும் சேர்ந்திருக்கிறதே. எங்கள் கொடைக்கானலை எடுத்துக்கொள்ளுங்கள். கொடை, அவ்வளவுதான், சுத்தமான வெட்டு.

மறுமொழி:

விகுதி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கொடை ரொம்பவே சுத்தம்! கொடை, கானல் என்று சொல் சேர்ந்த இடத்திலேயே பிரிகிறது. எக்ஸாமில் கத்தி 'எக்ஸாமின்' என்ற வினையின் நடுவிலேயே இறங்குகிறது, அந்தக் கண்மூடித்தனம்தான் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். அதனால் இரண்டு ஊரையுமே பலகையில் எழுதப்போகிறேன். அந்த 'இ'க்குச் செல்ல விகுதி என்று போடட்டுமா? செவ்வாய்க்கிழமை வகுப்பு, அதற்குள் சொல்லுங்கள்.