கரிசல் மண், உவர் நீர்: சித்திரை வெயிலில் மஞ்சளாகும் கொரியன் புல்லை என்ன செய்வது?

கரிசல்வாசி:
அருப்புக்கோட்டைக்கு அருகே உள்ள எங்கள் வீட்டு முன்புறத்தில், ஏறத்தாழ மூன்று சென்ட் பரப்பில், கடந்த மாசி மாதம் கொரியன் புல் பதித்தோம். ஒப்பந்தக்காரர் கரிசல் மண்ணைக் கொத்தாமல் அதன் மேல் இரண்டு அங்குலம் செம்மண்ணைப் பரப்பி, புல் பத்தைகளை அடுக்கிவிட்டுப் போனார். முதல் மாதம் பார்ப்பவர்கள் நின்று விசாரித்துச் செல்லும் அளவுக்குப் பச்சையாக இருந்த புல், சித்திரை பிறந்ததும் திட்டுத்திட்டாக மஞ்சளாகி, நுனிகள் கருகி வருகிறது. காலையும் மாலையும் பத்து நிமிடம் தெளிப்பான் ஓடுகிறது. 1,000 லிட்டர் தொட்டியில் முக்கால் பங்கு நாள்தோறும் இதற்கே போகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரின் டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, மில்லிகிராமில்) 2,100 என்று காட்டுகிறது. குறை நீரிலா, மண்ணிலா, புல்லிலா என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். பேரப்பிள்ளைகள் விளையாட ஓர் இடம் வேண்டும் என்பதே எங்கள் நோக்கம். அழகு இரண்டாம் பட்சம்தான்.

நாற்றங்கால்:
ஐயா, தாங்கள் கொடுத்த கணக்கிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் அது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். மூன்று சென்ட் என்பது சுமார் 121 சதுர மீட்டர். 750 லிட்டரை அதில் பரப்பினால் நாளொன்றுக்கு ஆறு மில்லிமீட்டர், அதாவது ஒரு வேளைக்கு மூன்று மில்லிமீட்டர் ஆகிறது. கோடையில்கூட இவ்வகைப் புல்லுக்கு நாளொன்றுக்கு நான்கு, நான்கரை மில்லிமீட்டருக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. எனவே தாங்கள் குறைவாக அல்ல, கூடுதலாகவே ஊற்றுகிறீர்கள். ஆனால் ஒரு வேளையில் விழும் மூன்று மில்லிமீட்டர் மண்ணில் ஓர் அங்குலம்கூட இறங்காமல் வெயிலில் ஆவியாகிவிடுகிறது. அதில் இருந்த உப்பு மட்டும் மேல்மண்ணிலும் இலையிலும் தங்குகிறது. நீர் எங்கே நிற்கிறதோ அங்கேயே வேரும் நின்றுவிடுவதால், ஒருநாள் மின்சாரம் இல்லாமல் தெளிப்பான் ஓடாவிட்டாலும் புல் சுருண்டு போகும்.

நான்கு நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையில், சுமார் 2,000 லிட்டர் கொடுங்கள். கரிசல் மெதுவாகவே நீரை உறிஞ்சும் என்பதால், கால் மணி நேரம் ஓடவிட்டு, அரை மணி நேரம் நிறுத்தி, மீண்டும் ஓடவிட வேண்டும். நேரான சுவருள்ள நான்கைந்து தகர டப்பாக்களைப் புல்மேல் ஆங்காங்கே வைத்து, விழும் நீரை அளவுகோலால் அளந்து பாருங்கள். தெளிப்பானின் ஒரு பக்கம் மூன்று பங்கும் மறுபக்கம் ஒரு பங்கும் விழுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், திட்டுத்திட்டான மஞ்சளுக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். மறுநாள் ஒரு நீண்ட கம்பியைக் குத்தினால், ஈரம் இருக்கும் ஆழம் வரை எளிதாக இறங்கும். அரை அடி இறங்கினால் போதும். ஆனால் இன்றைய முறையிலிருந்து ஒரே நாளில் மாறிவிடாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு இரண்டு நாள் விட்டு என்று மூன்று வாரத்தில் இடைவெளியைக் கூட்டுங்கள்.

வெட்டுவதையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் ஒட்ட வெட்டுவது புல்லின் குடையைப் பறிப்பதற்கு ஒப்பாகும். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

வரப்போரம்:
மேலே உள்ள கணக்கை ஏற்கிறேன். ஆனால் மண்ணைப் பேசாமல் நீரை மட்டும் பேசுவது போதாது. கொத்தாத கரிசலின் மேல் செம்மண்ணை வெறுமனே பரப்பினால் அவை இரண்டும் தனித்தனி அடுக்காகவே நிற்கும். மழைக்காலத்தில் அடியில் நீர் தேங்கும்; கோடையில் கரிசல் வெடித்துச் செம்மண் அந்த வெடிப்புக்குள் போய்விடும். மக்கிய தொழு உரத்தோடு முக்கால் அடி ஆழத்துக்குக் கொத்திக் கலந்திருக்க வேண்டும். மக்காத சாணத்தைப் போட்டுவிடாதீர்கள். வேர்ப்புழுவும் கூடவே வந்து சேரும்.

மஞ்சளிலும் வகை உண்டு. கீழ் இலைகள் முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. சென்ட்டுக்கு 400 கிராம் யூரியா தூவி உடனே நீர் விட்டால் தெளியும். புதுத் தளிர் மட்டும் கோடு கோடாக வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் இது வழக்கமானது. லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்து மாலையில் தெளிக்கலாம், தரை ஓட்டில் பட்டால் துருக்கறை போகாது. நுனி கருகுவது பெரும்பாலும் உப்பின் வேலை. ஜிப்சம் போடச் சொல்லிப் பலர் வருவார்கள். அது சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கே மருந்து, எல்லா உப்புக்கும் அல்ல. ஆகவே வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணையும் நீரையும் கொடுத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். ஆர்.ஓ. குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் உப்புச் செறிந்த கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் புல்லுக்குத் திருப்பிவிடுகிறவர்கள் உண்டு, 2,100 டி.டி.எஸ். உள்ள ஊரில் அதைச் செய்யாதீர்கள்.

புல்லைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. கொரியன் புல் மெத்தை போல இருக்கும், உண்மை. ஆனால் மெதுவாக வளர்வதால் பிள்ளைகள் மிதித்துத் தேய்ந்த இடம் மூட மாதக்கணக்கில் ஆகும், சில ஆண்டுகளில் மேடும் பள்ளமுமாகத் திரளும். நிழலில்லாத முற்றத்துக்கு நம் அருகம்புல்லே போதும். வறட்சியையும் உவரையும் தாங்கும், மிதித்தாலும் ஓடு தண்டால் விரைவில் மூடிக்கொள்ளும். வேப்பமர நிழலில் மட்டும் அது வராது. புரட்டாசியில் நிலத்தைப் பண்படுத்தி, நறுக்கிய தண்டுகளைச் சாணமும் மண்ணும் கலந்த குழம்போடு பூசிவிட்டால், ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். சேர்ந்த உப்பையும் அந்த மழையே கீழே இறக்கும். அதற்கு முன் கோரைக் கிழங்கை இரண்டு மூன்று முறை முளைக்கவிட்டுத் தோண்டி எடுத்துவிடுங்கள். புல் படர்ந்த பிறகு கோரையோடு மல்லுக்கு நிற்பது தீராத வேலை.

வாய்க்கால்மேடு:
பிள்ளைகள் ஓடாத ஓரங்களுக்குப் பொடுதலை என்னும் மூலிகைச் செடியை யோசிக்கலாம். ஒருமுறை வேர்பிடித்துவிட்டால் குறைந்த நீரில் தரையோடு படரும், வெட்டும் வேலையும் குறைவு, துவையலுக்கும் ஆகும். பூக்கும் காலத்தில் தேனீக்கள் மொய்ப்பதால், வெறுங்காலோடு ஓடும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

கரிசல்வாசி:
அனைவருக்கும் நன்றி. இன்று காலை டப்பா வைத்துப் பார்த்தேன். வாசல் பக்கம் ஐந்து மில்லிமீட்டர், மதில் பக்கம் ஒன்றரை. மஞ்சள் திட்டுகள் எல்லாம் மதில் பக்கமே இருக்கின்றன. ஓரிடத்தில் பத்தையைப் பெயர்த்தபோது வேர்கள் செம்மண்ணைத் தாண்டாமல் பாய் முடைந்தது போலப் பக்கவாட்டில் ஓடியிருந்தன. ஆகவே இந்தக் கோடையில் நீர் விடும் முறையை மட்டும் மாற்றி இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு, புரட்டாசியில் விளையாடும் இடமான ஒரு சென்ட்டை மட்டும் கொத்தி அருகு பூசுவதாக முடிவு செய்திருக்கிறோம். மீதி இரண்டு சென்ட்டில் மதிலோரத்துக்குப் பொடுதலை. வரப்போரம் ஐயாவிடம் ஒரே ஒரு சந்தேகம்: ஏற்கெனவே பரப்பிய செம்மண்ணை அப்படியே கரிசலோடு சேர்த்துக் கொத்திவிடலாமா, அல்லது உப்பேறிய அந்த மேல்மண்ணை வழித்து எடுத்துவிட வேண்டுமா?

வரப்போரம்:
வழிக்க வேண்டாம், வெண்மையாகப் பூத்திருக்கும் இடத்தில் மட்டும் அரை அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, மீதியைச் சேர்த்தே கொத்துங்கள். சென்ட்டுக்கு ஒரு மாட்டு வண்டி மக்கிய உரம் கிடைத்தால் நல்லது. ஆவணிக் கடைசிக்குள் பரிசோதனை முடிவை இங்கே பதிவிட்டால், ஜிப்சம் தேவையா என்பதை அப்போது பார்க்கலாம்.