உலக முடிவுக்குத் தேதி குறித்தவர்களைச் சந்தித்திருக்கிறீர்களா? உங்கள் அனுபவம் என்ன?

திரியைத் தொடங்கியவர்:

என் சித்தப்பா குடும்பம் ஒரு காலத்தில் ஒரு சிறிய ஜெபக் குழுவோடு மிகவும் நெருக்கமாக இருந்தது. குழுவை நடத்தியவர் இரகசிய வருகைக்கு, அதாவது கிறிஸ்து வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்ளும் நாளுக்கு, ஒரு தேதி குறித்தார். பள்ளி முடித்திருந்த சித்தப்பா மகள் கல்லூரிக்கு விண்ணப்பம்கூடப் போடவில்லை. "எதுக்கு அண்ணா, அதுக்குள்ள கர்த்தர் வந்துடுவாரே" என்றாள். அவள் முகத்தில் பயமே இல்லை. இதை வெளியே இருந்து பார்ப்பவர்கள் புரிந்துகொள்வதில்லை. இப்படி நம்புகிறவர்கள் எல்லாம் நடுங்கிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறோம். அந்த வீட்டில் அப்போது இருந்தது சந்தோஷம். சித்தப்பாவுக்கு வேலை போயிருந்தது, கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. எல்லாம் ஒரே நாளில் முடியப் போகிறது என்பது அவர்களுக்கு நிம்மதியாக இருந்தது.

அந்தக் கணக்கு முழுவதும் பைபிளின் பழைய ஏற்பாட்டில் உள்ள தானியேல் புத்தகத்திலிருந்து வந்தது. 2300 நாள், 1290 நாள், 1335 நாள் என்று கூட்டிக் கழித்துக் காட்டுவார்கள். இவ்வளவு பெரிய பாரத்தை ஒரு புத்தகத்தின்மேல் ஏற்றுகிறார்களே, அது யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் படிக்க ஆரம்பித்தேன்.

கதை நடப்பது கி.மு. ஆறாம் நூற்றாண்டுப் பாபிலோனில். ஆனால் அது இன்றைய வடிவம் பெற்றது கி.மு. 165-ஐ ஒட்டி என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அப்போது எருசலேமை ஆண்டவன் செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோகஸ். யூதர்களின் ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் தடை செய்தவன். கி.மு. 167-இல் அவர்களுடைய ஆலயத்துக்குள்ளேயே கிரேக்கக் கடவுளுக்குப் பலி செலுத்த வைத்தான். தானியேலின் தரிசனத்தில் பெருமையாகப் பேசும் "சின்னக் கொம்பு" இவன்தான். 11-ஆம் அதிகாரத்தில் வரும் வடதிசை ராஜாவும் தென்திசை ராஜாவும் சிரியாவையும் எகிப்தையும் ஆண்ட கிரேக்க வம்சங்கள். அவர்களுடைய போர்களும் திருமண உறவுகளும் வியக்கத்தக்க துல்லியத்தோடு வருகின்றன. ஆனால் அந்தியோகஸின் சாவு மட்டும் பொருந்தவில்லை. கடலுக்கும் பரிசுத்த மலைக்கும் நடுவே கூடாரம் போட்டு அங்கே அழிவான் என்கிறது புத்தகம். அவன் கி.மு. 164-இல் பாரசீகப் பக்கம் போயிருந்தபோது இறந்தான். புத்தகம் எழுதப்பட்ட காலத்தை ஆய்வாளர்கள் கணிப்பதே இதை வைத்துத்தான். இதை ஏற்காத விசுவாசிகள் பலர் உண்டு, அவர்களோடு சண்டை போட நான் வரவில்லை.

என்னை உலுக்கியது வேறு. அந்தப் புத்தகம், சித்திரவதைக்கு நடுவே இருந்த மக்களிடம் "இந்த ராஜாவுக்கும் முடிவு உண்டு, கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்ல வந்தது. அதே 2300 நாட்களை 2300 வருடங்களாக மாற்றி, கி.மு. 457-இலிருந்து எண்ணி, வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க விவசாயி 1843-ஐ ஒட்டிக் கிறிஸ்து வருவார் என்றார். கடைசியில் அவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாளே குறித்தார்கள். 1837-இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடி அமெரிக்காவை வாட்டிய வருடங்கள் அவை. அறுவடை செய்யாமல் வயலை விட்டவர்கள் இருந்தார்கள். என் சித்தப்பா வீட்டையும் அந்த வீடுகளையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். எந்த மதமாக இருந்தாலும் சரி.

செவிலியர்:

கொரோனா தடுப்பூசி முகாமில் ஒரு பெரியவர் கையை நீட்டவே மறுத்தார். "இது 666 முத்திரை, போட்டுக்கிட்டா ரட்சிப்பு போயிடும்" என்றார். மகள் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றாள். அவரோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு அது உயிரைவிடப் பெரிய விஷயம் என்பது முகத்தில் தெரிந்தது.

அந்த 666 வருவது பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில். அது முதல் நூற்றாண்டின் கடைசியில், பத்மு தீவிலிருந்து சின்ன ஆசியாவின் ஏழு சபைகளுக்கு எழுதப்பட்டது. ரோமப் பேரரசனைக் கடவுளாக வணங்கச் சொன்ன ஊர்கள் அவை. காசில் அவன் உருவம், சந்தையில் அவன் பலிபீடம். முத்திரை இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் முடியாது என்ற வரி அந்த மக்களுக்கு உடனே புரிந்திருக்கும். நீரோ சீசர் என்ற பெயரை எபிரெய எழுத்தில் எழுதி, எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் 666 வரும். ஒரு எழுத்து குறைத்து எழுதினால் 616. சில பழைய பிரதிகளில் 616 என்றே இருக்கிறது! மிருகத்தின் ஏழு தலைகள் ஏழு மலைகள் என்று 17-ஆம் அதிகாரம் சொல்வதும் ரோமைத்தான். கிறிஸ்தவர்களைக் கொன்ற அரசனைப் பெயர் சொல்லாமல் சுட்டிய எண், பிறகு பார்கோடுக்கு வந்தது, அப்புறம் ஊசிக்கு வந்தது.

அன்று இதையெல்லாம் அவரிடம் நான் சொல்லவில்லை. அவருடைய போதகரின் எண்ணை மகளிடம் வாங்கிப் பேசினேன். அந்தப் போதகர் நேரிலேயே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "அய்யா, முத்திரை என்பது யாரை வணங்குகிறோம் என்பதைப் பற்றியது, மருந்தைப் பற்றியது இல்லை" என்று பொறுமையாகச் சொன்னார். பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

வரலாற்று ஆசிரியர்:

வகுப்பில் தென்னாப்பிரிக்க வரலாறு நடத்தும்போது, கோசா மக்கள் தங்கள் மாடுகளைத் தாங்களே கொன்ற கதையைச் சொன்னேன். ஒரு மாணவன், "அவங்க முட்டாள்களா சார்?" என்று கேட்டான். அடுத்த வகுப்பு முழுவதும் அந்தக் கேள்விக்கே போயிற்று.

1856-இல் நோங்கவுசே என்ற பதின்வயதுப் பெண், ஆற்றங்கரையில் முன்னோர்கள் தன்னிடம் பேசியதாகச் சொன்னாள். இருக்கும் மாடுகளையெல்லாம் கொல்லுங்கள், விதைக்காதீர்கள், முன்னோர்கள் எழுந்து வருவார்கள், புது மந்தைகள் வரும், வெள்ளையர்கள் கடலுக்குள் போவார்கள் என்பது செய்தி. அரசர் சர்ஹிலி நம்பினார், அவரைப் பார்த்து மக்கள் நம்பினார்கள். 1857 பிப்ரவரி 18 அன்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். சூரியன் எப்போதும் போல உதித்து மறைந்தது. கொல்லப்பட்ட மாடுகள் சுமார் 4 லட்சம், பட்டினியில் இறந்தவர்கள் சுமார் 40,000 பேர் என்பது மதிப்பீடு.

முட்டாள்தனம் என்று தள்ளிவிட்டுப் போவதற்கு முன்னால் இதையும் பாருங்கள். 1853-இல்தான் பிரிட்டனோடு நடந்த எட்டாவது எல்லைப்போர் தோல்வியில் முடிந்திருந்தது. அதே வருடம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த மாடுகள் மூலம் நுரையீரல் நோய் இறங்கியது. மாடுகள் எப்படியும் செத்துக்கொண்டிருந்தன. அவர்களைத் தோற்கடித்த கவர்னர் காத்கார்ட், கிரிமியப் போரில் ரஷ்யர்களால் கொல்லப்பட்ட செய்தியும் அங்கே வந்து சேர்ந்தது. அப்படியானால் அந்த ரஷ்யர்கள் நம் முன்னோர்களாக இருக்க வேண்டும், நமக்கு உதவ வருகிறார்கள் என்று பேச்சுப் பரவியது. நிலம் போய், மந்தை போய், போரிலும் தோற்றபின் வேறு எந்தச் செய்தி அவர்களுக்கு இனித்திருக்கும்?

பஞ்சத்துக்குப் பிறகு கவர்னர் ஜார்ஜ் கிரே செய்ததுதான் என்னால் இன்னும் பொறுக்க முடியாதது. பிழைத்து வந்தவர்களைக் காலனியில் கூலிகளாக ஒப்பந்தம் செய்து அனுப்பினார், காலியான நிலத்தில் வெள்ளைக் குடியேறிகளை அமர்த்தினார். தீர்க்கதரிசனம் பொய்த்த இடத்தில் யார் லாபம் அடைந்தார்கள் என்று பிள்ளைகளை எழுதச் சொன்னேன். முட்டாள்களா என்று கேட்ட அதே மாணவனின் விடைத்தாள்தான் மிக நீளமானது.

இன்னொருவர்:

எங்கள் குடும்பக் குழுவில் வருடா வருடம் டிசம்பரில் பாபா வாங்காவின் கணிப்புகள் வந்துவிடும். 1996-இல் இறந்த அந்தப் பல்கேரியப் பெண்மணி தன் கையால் எதையும் எழுதி வைக்கவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அவர் பெயரில் போடலாம். போன வருடம் வந்ததை எடுத்து வைத்திருந்து, இந்த வருடம் அதையே திருப்பிப் போட்டேன். அதிலிருந்து வருவதில்லை.

வாப்பாவின் நினைவாக:

என் வாப்பா அடிக்கடி சொல்வார்: "கியாமத் நாள் எப்பன்னு நபிக்கே சொல்லப்படல, உனக்கு எவன் சொன்னான்?" உலக முடிவான அந்த நேரம் பற்றிய அறிவு இறைவனிடமே உள்ளது என்று குர்ஆனின் 7:187 தெளிவாகச் சொல்கிறது. அவர் இதில் இவ்வளவு கறாராக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1979 நவம்பர் 20, ஹிஜ்ரி 1400-இன் முதல் நாள். மக்கா பெரிய பள்ளிவாசலை ஜுஹைமான் அல் உதைபியின் ஆயுதக் குழு கைப்பற்றி, அவருடைய உறவினர் ஒருவர்தான் மஹ்தி, அதாவது கடைசிக் காலத்தில் வருவார் என்று எதிர்பார்க்கப்படும் வழிகாட்டி, என்று அறிவித்தது. முற்றுகை இரண்டு வாரம் நீடித்தது. மஹ்தி என்று சொல்லப்பட்டவர் சண்டையிலேயே இறந்தார். வாப்பா அதை வானொலியில் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாராம். கஅபாவின் நிழலில் ரத்தம் சிந்தப்பட்டதை அவரால் கடைசிவரை மறக்க முடியவில்லை.

அந்தக் குழு பேசியது மறுமையைப் பற்றி மட்டும் இல்லை. அரச குடும்பத்தின் ஊழல், எண்ணெய்ப் பணம், மேற்கத்திய உறவு எல்லாம் அவர்கள் பட்டியலில் இருந்தன. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, ஹிஜ்ரி 1300 நெருங்கிய நேரத்தில், 1881-இல் சூடானில் முஹம்மது அஹ்மது தன்னை மஹ்தி என்று அறிவித்தார். எகிப்திய ஆட்சியின் வரியில் நொந்துபோயிருந்த மக்கள் அவர் பின்னால் போனார்கள். 1885 ஜனவரியில் கார்ட்டூம் அவர் கைக்கு வந்தது. நூற்றாண்டு திரும்பும் நேரத்தில் மக்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் அவர்களை வீட்டை விட்டுக் கிளப்பியது வரி வசூலிப்பவன்தான் என்பது என் எண்ணம்.

புராணம் படிப்பவர்:

திரியைத் தொடங்கியவர் சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. முடிவைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோருமே நசுக்கப்பட்டவர்கள் இல்லை. என் பாட்டி 1962-இன் எட்டுக்கிரகச் சேர்க்கையைப் பற்றி நிறையச் சொல்வார். பிப்ரவரி 3 முதல் 5 வரை மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடின, நாடு முழுவதும் யாகங்கள் நடந்தன, எல்லோரும் பிரளயத்துக்குக் காத்திருந்தார்கள். இத்தனைக்கும் நம் நூல்களின் கணக்குப்படி கலியுகம் 4,32,000 வருடம். கி.மு. 3102-இல் தொடங்கியதாக வைத்தால், கழிந்தது 5,100 வருடங்களுக்குச் சற்று அதிகம். பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப அன்னைக்கு ஏன் ஒருத்தரும் இதைச் சொல்லலை?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

கலியுக வருணனைகளைக் கவனமாகப் படித்துப் பாருங்கள். கார்க்கி சம்ஹிதையில் உள்ள யுக புராணம், யவனர்கள் (கிரேக்கர்கள்) சாகேதத்தையும் பாடலிபுத்திரத்தையும் நோக்கி வருவதை எதிர்காலம் போலச் சொல்கிறது. அது நடந்த படையெடுப்பின் நினைவு. அதோடு புராணங்களில் திரும்பத் திரும்ப வரும் புலம்பல் என்ன? சூத்திரர்கள் அரசாள்வார்கள், வருண ஒழுங்கு குலையும், மிலேச்சர்கள் பெருகுவார்கள். ஒடுக்கப்பட்டவன் இதை எழுதியிருக்க முடியாது. தன் மேல்நிலை கைவிட்டுப் போவதைப் பார்த்தவன், அதையே உலகத்தின் முடிவு என்று எழுதினான். யாருடைய உலகம் முடிகிறது என்று ஒவ்வொரு தீர்க்கதரிசனத்திடமும் கேட்க வேண்டும்.

திரியைத் தொடங்கியவர்:

இதை ஏற்கிறேன். நான் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லியிருந்தேன்.

புதிய உறுப்பினர்:

எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு இது வரலாறு இல்லை, இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அப்பா இறந்த பிறகு அம்மா தனியாக இருக்கிறார். இரவெல்லாம் ஒருவருடைய வீடியோக்களைப் பார்க்கிறார். அவர் ஒரு தேதி சொல்லியிருக்கிறார். அப்பாவின் ஓய்வூதியப் பணத்தை "கடைசிக்கால ஊழியத்துக்கு" கொடுத்துவிடலாமா என்று அம்மா கேட்கிறார். நான் கோபப்பட்டுக் கத்தினேன். அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. என்ன செய்வது?

செவிலியர்:

முதலில் போய் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். தூக்கம் எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். துணையை இழந்த பிறகு தூங்காமல் இருப்பவர்களிடம் மனச்சோர்வு இருக்கலாம், மருத்துவரிடம் அழைத்துப் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். அம்மா நம்பும் ஒரு போதகரோ மூத்த உறவினரோ இருந்தால் அவர் மூலம் பேசுங்கள்.

வரலாற்று ஆசிரியர்:

பணத்தைப் பற்றி ஒன்று. 1992-இல் தென்கொரியாவில் ஒரு இயக்கம் அக்டோபர் 28 என்று நாள் குறித்தது. பலர் வேலையையும் சொத்தையும் விட்டார்கள். இயக்கத்தை நடத்திய போதகர் லீ ஜாங்-ரிம், அந்தத் தேதிக்குப் பிறகு முதிர்வடையும் பத்திரங்களில் பணம் போட்டிருந்தது தெரியவந்தது. மோசடிக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றார். அம்மாவிடம் இதைக் குத்திக்காட்டுவது போலச் சொல்லாதீர்கள். "தேதி தாண்டும் வரை பணம் வங்கியிலேயே இருக்கட்டும், தேதி உண்மையானால் அது யாருக்கும் தேவைப்படாது" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

திரியைத் தொடங்கியவர்:

தேதி தாண்டிய பிறகு என்ன ஆகும் என்பதையும் யோசித்து வையுங்கள். 1954-இல் சிகாகோ அருகே டொரத்தி மார்ட்டின் என்ற பெண்மணி, டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வரும் என்றார். லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரின் குழு உள்ளேயே இருந்து கவனித்தது. வெள்ளம் வராதபோது, ஒன்றாகக் கூடிக் காத்திருந்தவர்களில் பலருடைய நம்பிக்கை இன்னும் இறுகியது, ஊரெல்லாம் சொல்லக் கிளம்பினார்கள் என்று அந்தக் குழு எழுதியது. தங்கள் வீடுகளில் தனியே காத்திருந்தவர்கள் மெல்ல விலகினார்கள் என்றும் எழுதியது. அதனால் அந்த நாளில் அம்மா அந்தக் குழுவோடு இருக்காமல் உங்களோடு இருக்கும்படி பாருங்கள். மறுநாள் "நான் அப்பவே சொன்னேனே" என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. எங்கள் வீட்டில் உறவினர்கள் அப்படிச் சிரித்ததால்தான் சித்தப்பா அந்தக் குழுவுக்கே திரும்பிப் போனார், வெளியே வர இன்னும் சில வருடங்கள் ஆயின.

தங்கை பிறகு அஞ்சல் வழியில் படித்தாள். இப்போதும் ஆராதனைக்குப் போகிறாள், வேறு ஒரு சபைக்கு. உங்கள் பதிவை அவளிடம் காட்டினேன். உங்கள் அம்மாவோடு பேச அவள் தயார் என்கிறாள். "அவங்களுக்குக் கர்த்தரையும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும், அங்கேயிருந்து ஆரம்பிக்கிறேன்" என்றாள். தனிமடலில் எழுதுங்கள், எண்ணைத் தருகிறேன்.