இயற்கை மருத்துவக் கையேடு: ஐந்து நட்சத்திரமும் ஒற்றை நட்சத்திரமும்

வேர்க்கால்:
இயற்கை மருத்துவக் கையேடு ஒன்றை இப்போதுதான் முடித்தேன். பெயரைச் சொன்னால் பேச்சு ஆசிரியர் பக்கம் போய்விடும், அதனால் வேண்டாம். இந்த வகை நூல்கள் பெரும்பாலும் ஒரே அச்சுதான்: அகரவரிசையில் நோய்கள், ஒவ்வொன்றின் கீழும் மூலிகை, ஹோமியோபதி, நறுமண எண்ணெய், வைட்டமின், மூச்சுப் பயிற்சி என்று குறிப்புகள்.

எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம் வாசகர் கருத்துகளைப் படித்தேன், எரிச்சல் வந்தது. ஒரு கூட்டம் ஐந்து நட்சத்திரம் போட்டு "இனி மருத்துவரே தேவையில்லை" என்கிறது. இன்னொரு கூட்டம் ஒற்றை நட்சத்திரம் போட்டு "மூடநம்பிக்கை" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறது. அவர்களில் எத்தனை பேர் நூலைத் திறந்தார்களோ!

முதல் கூட்டத்தோடு பேசிப் பயனில்லை. இரண்டாவது கூட்டத்தைக் கேட்கிறேன். வில்லோ மரப்பட்டை காய்ச்சலைத் தணிக்கிறது என்று எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் 1763இல் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். ஆஸ்பிரினின் கதை அங்கிருந்துதான் வருகிறது. மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் என்ற செடி மருந்தைச் சீன விஞ்ஞானி து யூயூ கண்டெடுத்தது ஒரு பழைய சீன மருத்துவ நூலின் குறிப்பிலிருந்து. 2015இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். செடி எல்லாம் மூடநம்பிக்கை என்றால் இவை என்ன?

தராசுமுள்:
இரண்டு கதையும் உங்களுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கின்றன.

து யூயூ அந்தச் செடியைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லவில்லை. வழக்கமாகச் சூடேற்றி எடுத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை. பழைய நூலில் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைப் பார்த்து, சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டார். குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானால் பிரித்தெடுத்தார், விலங்குகளில் சோதித்தார், தானும் உட்கொண்டு பார்த்தார், பிறகுதான் நோயாளிகள். இன்றைக்கும் அந்தச் செடியைத் தேநீராகக் குடித்து மலேரியாவைக் குணப்படுத்தப் பார்க்காதீர்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு கோப்பையில் எவ்வளவு மருந்து இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அரைகுறை அளவு கிருமியை மருந்துக்குப் பழக்கிவிடும்.

டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து வந்த இதய மருந்தும் அப்படித்தான். ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் 1785இல் நூல் எழுதுவதற்கு முன் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் எவ்வளவு கொடுத்தால் நோய் தணிகிறது, எவ்வளவில் வாந்தி வருகிறது என்று குறித்துக்கொண்டே இருந்தார். இதயத்துக்கு மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி அவ்வளவு குறுகல். செடி மருந்தானது அளந்தபோது. உங்கள் கையேட்டில் "ஒரு கைப்பிடி" என்றுதானே இருக்கிறது?

கட்டைவிரல்:
அளந்து கொடுத்த மருந்துகளின் யோக்கியதையையும் பேசுவோமா? தாலிடமைடு 1961 வரை கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது, குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்தன. வயாக்ஸ் வலி மாத்திரை இதயத்தைப் பதம் பார்த்து 2004இல் சந்தையைவிட்டுப் போனது. அடிமையாக்கும் ஓப்பியாய்டு வலி மாத்திரைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவ்வளவும் ஆய்வுக்கூட முத்திரையோடு வந்தவை. ஒரு கையேட்டைப் பார்த்து மட்டும் ஏன் இந்தப் பதற்றம்?

தராசுமுள்:
வயாக்ஸ் கெடுதல் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? எண்ணினார்கள், அதனால் தெரிந்தது. அந்த நிறுவனமே நடத்திய சோதனையில் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாக வந்ததால்தான் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். தாமதம், சரி. அதற்கு முன்பே எச்சரிக்கை இருந்தது, அதுவும் சரி. நான் மருந்து நிறுவனங்களுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் கையேட்டில் உள்ள கஷாயத்தைக் குடித்து ஒருவருக்குக் கல்லீரல் கெட்டால் அந்தக் கணக்கு எந்தப் பேரேட்டில் ஏறும்?

பச்சிலை:
நான் மூலிகை மருத்துவம் முறையாகப் படித்துத் தொழிலாகச் செய்கிறேன். ஒற்றை நட்சத்திரக் கூட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள், காரணம் வேறு.

இந்தக் கையேடுகள் எங்கள் தொழிலைக் கேலிக்கூத்தாக்குகின்றன. தாவரத்தின் பொதுப்பெயர் மட்டும் இருக்கும். தாவரவியல் பெயர் இருக்காது. வேரா, இலையா, பட்டையா என்று இருக்காது. பச்சையாகவா, உலர்த்தியா என்று இருக்காது. பெயர் ஒன்றுபோல் இருந்தால் செடியும் ஒன்று என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியமே சாட்சி. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் எடை குறைக்கும் சிகிச்சையில் ஒரு சீன மூலிகைக் கலவை கொடுத்தார்கள். சேர்க்க வேண்டியது ஸ்டெஃபானியா என்ற செடி. சீனப் பெயர் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்ததால் உள்ளே போனது அரிஸ்டொலோகியா என்ற நச்சுச் செடி. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பாழானது. சிலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. சிறுநீரக மருத்துவர்களிடம் இளம்பெண்கள் ஒரே மாதிரிப் பாதிப்போடு அடுத்தடுத்து வந்ததால் 1993இல் விஷயம் வெளியே தெரிந்தது. தராசுமுள் கேட்ட பேரேடு அங்கே தற்செயலாகக் கிடைத்தது.

இதைச் சொல்வதால் நான் தராசுமுள் கட்சி என்று எண்ண வேண்டாம். அவர் சோதனைக்குழாய்க்கு வெளியே எதையும் நம்பமாட்டார்.

தராசுமுள்:
நம்புவேன். எண்ணிக் காட்டினால் போதும்.

வலிக்காரன்:
எல்லாரும் ஏதோ பரீட்சை எழுதுவதுபோல் பேசுகிறீர்கள். இந்த நூலை வாங்குகிறவர்கள் யார் என்று யோசித்தீர்களா?

எனக்கு எரிச்சல் குடல் நோய் (ஐபிஎஸ்) பல வருடமாக இருக்கிறது. எல்லாப் பரிசோதனையும் இயல்பு. "ஒன்றும் இல்லை, மன அழுத்தம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், நான் உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிடுவார்கள். கையேட்டில் என் நோய்க்கு நான்கு பக்கம். எப்போது வலிக்கிறது, தூக்கம் எப்படி, எதைச் சாப்பிட்டால் கூடுகிறது என்று கேள்விகள். என்னை யாரும் கேட்காத கேள்விகள் அவை. புதினா எண்ணெய்க் குளிகை பற்றி அதில்தான் முதலில் படித்தேன். பிறகு வேறொரு மருத்துவரிடம் கேட்டபோது, அதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு, எடுத்துக்கொள்ளலாம் என்றார். இப்போது பரவாயில்லை.

நூலில் தவறுகள் இருக்கலாம். ஆனால் எனக்கு அது ஒரு கதவைத் திறந்தது.

தராசுமுள்:
புதினா எண்ணெய் விஷயத்தில் வாதமே இல்லை. குடல் தசையைத் தளர்த்தும், இரைப்பையில் கரையாத பூச்சுள்ள குளிகையாக இருக்க வேண்டும். நேரம் பற்றிச் சொன்னீர்களே, அதற்கும் ஆய்வு இருக்கிறது. உங்கள் நோயை வைத்தே ஹார்வர்டு ஆய்வாளர் டெட் கப்ச்சக்கின் குழு 2008இல் 262 பேரிடம் சோதித்தது. ஒரு பிரிவுக்குச் சிகிச்சையே இல்லை, காத்திருப்பு மட்டும். இரண்டாவது பிரிவுக்குப் போலி அக்குபங்சர், பேச்சு குறைவு. மூன்றாவதற்கும் அதே போலி அக்குபங்சர், ஆனால் மருத்துவர் உட்கார்ந்து பரிவோடு பேசினார். மூன்று வாரத்தில் போதுமான நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் முறையே 28, 44, 62 விழுக்காடு.

ஆக, ஊசியில் ஒன்றுமில்லை, பேச்சில் இருந்தது. இதைக் கையேட்டின் வெற்றியாக எழுதாதீர்கள், மருத்துவமனைகளின் தோல்வியாக எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கட்டைவிரல்:
62 விழுக்காடு! அப்படியானால் போலியே போதுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

மருந்துச்சீட்டு:
மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். நஷ்டம் யாருக்கு என்று நான் சொல்கிறேன்.

குடல் நோயாளி "பரவாயில்லை" என்றாலே அது நிவாரணம், ஏனென்றால் அங்கே நோயின் அளவுகோலே அவர் உணர்வதுதான். கட்டியின் அளவும் இரத்தச் சர்க்கரையும் நாம் எப்படி உணர்கிறோம் என்று கேட்டுக்கொண்டு குறைவதில்லை. போலி மருந்து அங்கே உணர்வை மட்டும் ஆற்றும், நோய் பாட்டுக்கு வளரும்.

இன்னொன்று, வேலை செய்யும் மூலிகைதான் எனக்குப் போலியைவிடப் பெரிய கவலை. மனச்சோர்வுக்குச் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை என்று இந்த நூல்கள் எல்லாவற்றிலும் இருக்கும். லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு அது உதவும் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஆனால் அது கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை முடுக்கிவிடும். கருத்தடை மாத்திரை பலன் இழக்கலாம். உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரின் இரத்தத்தில் குறைந்து, மாற்றிய உறுப்பையே உடல் நிராகரித்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. எச்ஐவி மருந்துக்கும் இதே கதி. அதிமதுரத்தை அதிகமாக நாள்கணக்கில் எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ஏற்கெனவே அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவருக்கு இது விளையாட்டல்ல.

வேர்க்கால், உங்கள் நூலில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கருத்தடை மாத்திரை பற்றி ஏதாவது இருக்கிறதா?

வேர்க்கால்:
பார்த்தேன். அந்த இடத்தில் இல்லை. ஆனால் முன்னுரையில் "வேறு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும்" என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். வாசகர் என்ன குழந்தையா? முன்னுரையைப் படிக்காமல் மருந்து தின்றால் அது நூலின் குற்றமா?

மருந்துச்சீட்டு:
அகரவரிசை நூலை யார் முன்னுரையிலிருந்து படிக்கிறார்கள்? தலைவலி வந்தவர் தலைவலிப் பக்கத்துக்குப் போவார். எச்சரிக்கை அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். முன்னுரையில் இருக்கும் அந்த வரி வாசகரைக் காப்பாற்ற எழுதியதல்ல, வழக்கு வந்தால் பதிப்பாளரைக் காப்பாற்ற எழுதியது.

பச்சிலை:
இது நூறு சதவீதம் சரி.

தராசுமுள்:
வேர்க்கால், மச்சம், மரு பற்றிய பக்கத்தில் "கறுப்புக் களிம்பு" இருக்கிறதா? இந்த வகை நூல்களில் எனக்குப் பெரிய அச்சம் அதுதான். இரத்தவேர்ச் செடியும் துத்தநாகக் குளோரைடும் சேர்ந்த அரிப்புக் களிம்பு. தடவினால் தோல் வெந்து, கறுத்து, பொருக்காகி உதிரும். கெட்டது வெளியே வந்துவிட்டது என்று மக்கள் மகிழ்வார்கள். உண்மையில் நல்ல சதை, கெட்ட சதை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் எரிக்கிறது. தோல் புற்றாக இருந்தால், மேலே வடு ஆறிய பிறகும் அடியில் அது வளரலாம். திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிய மச்சத்தை வீட்டிலேயே எரித்துவிட்டால், என்ன இருந்தது என்று பிறகு யார் சொல்வது?

வேர்க்கால்:
இருக்கிறது. அரைப் பக்கம். "எச்சரிக்கையோடு பயன்படுத்தவும்" என்று இருக்கிறது. அந்த அரைப் பக்கம் நூலில் இருக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் மறுபடி மறுபடி மோசமான பக்கத்தையே எடுத்துக் காட்டுகிறீர்கள். குமட்டலுக்கு இஞ்சி என்று இருப்பதை ஏன் காட்டவில்லை? தூக்கமின்மைக்கு நூல் முதலில் சொல்வது மூலிகையே இல்லை: ஒரே நேரத்தில் எழுந்திருக்க வேண்டும், தூக்கம் வராவிட்டால் படுக்கையைவிட்டு எழுந்துவிட வேண்டும் என்பது. அதைத்தான் தூக்க மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

தராசுமுள்:
குறை அங்கேதான் இருக்கிறது. இஞ்சியும் கறுப்புக் களிம்பும் ஒரே எழுத்துருவில், ஒரே நம்பிக்கைத் தொனியில், "இயற்கை" என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. இஞ்சிக்குக் கிடைத்த நல்ல பெயரைக் களிம்பு ஓசியில் அனுபவிக்கிறது. ஹோமியோபதியும் அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. 30சி வீரியம் என்றால் நூறில் ஒன்றாக முப்பது முறை நீர்த்தது, அதில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. எதற்கு ஆதாரம் வலு, எதற்கு இல்லை, எது ஆபத்து என்று ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் ஒரு வரி போட்டிருந்தால் நான் இந்த நூலை வாங்கியே படித்திருப்பேன்.

கட்டைவிரல்:
ஹோமியோபதியில் ஒன்றுமே இல்லை என்றால் அது ஆபத்தும் இல்லைதானே? உங்கள் கணக்குப்படியே பார்த்தாலும் அந்த நூலில் அதுதான் பாதுகாப்பான பகுதி.

மருந்துச்சீட்டு:
உருண்டையில் ஆபத்தில்லை, அதை நம்பிக் காத்திருக்கும் காலத்தில்தான் ஆபத்து. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் இருந்த புற்றுநோயாளிகளில் மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டது. இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல்.

வலிக்காரன்:
அந்த ஆய்வு வழக்கமான சிகிச்சையை மறுத்தவர்களைப் பற்றியது. என் மாதிரி இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்களை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மருந்துச்சீட்டு:
சேர்க்கவில்லை. மருத்துவரிடம் கேட்டுவிட்டு எடுத்தீர்களே, அதைத்தான் எல்லாரும் செய்ய வேண்டும் என்கிறேன். நோயாளிகள் மூலிகை எடுப்பதை எங்களிடம் மறைக்கிறார்கள், திட்டுவோம் என்ற பயம். தராசுமுள் மாதிரி ஆட்கள் கொஞ்சம் குரலைத் தணித்தால் மறைப்பது குறையும்.

தராசுமுள்:
குரலைத் தணிக்கலாம், உள்ளடக்கத்தைத் தணிக்க மாட்டேன்.

சிறுதுளி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடமும் இதே மாதிரி ஒரு கையேடு இருக்கிறது. இருமல் பக்கத்தில் "குழந்தைகளுக்குத் தேன் மிக நல்லது" என்று இருக்கிறது. என் பெண்ணுக்குப் பத்து மாதம், இரண்டு நாளாக இருமல். கொடுக்கலாமா? காய்ச்சிக் கொடுத்தால் பரவாயில்லையா?

மருந்துச்சீட்டு:
வேண்டாம் அம்மா. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் துளிகூடக் கூடாது. தேனில் பொட்டுலினம் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். நமக்கு ஒன்றும் செய்யாது, பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும், தசைகள் தளர்ந்துபோகும். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. ஒரு வயதுக்குப் பிறகு என்றால் இருமலுக்குத் தேன் நல்லதுதான், அதற்குச் சோதனைகளே உண்டு.

வேர்க்கால்:
என் நூலிலும் பார்த்துவிட்டேன். தேன் இருக்கிறது, வயது போடவில்லை.

சிறுதுளி:
நல்லவேளை, இன்னும் கொடுக்கவில்லை. வேறு என்ன செய்யலாம்?

மருந்துச்சீட்டு:
தாய்ப்பால் அடிக்கடி கொடுங்கள். மூக்கு அடைத்திருந்தால் உப்புநீர்ச் சொட்டு போடலாம். கடையில் கிடைக்கும் இருமல் மருந்தும் இந்த வயதுக்கு வேண்டாம். குழந்தை வேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழ் குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலமானாலோ இங்கே பதிலுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் நாளைக் காலையில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.