ஃபெஸ்டூன் பல்புக்கு "ஓடக்குமிழ்" என்ற சொல்லை ஏன் முன்வைக்கிறேன்

நண்பர்களுக்கு வணக்கம். காரில் வருகிற ஃபெஸ்டூன் பல்புக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஓடக்குமிழ் என்று சொல்லியிருந்தேன். அதற்கு நீங்கள் எழுதியவற்றை எடுத்துப் போட்டுப் பதில் சொல்கிறேன்.

> ஃபெஸ்டூன் என்றால் தோரணம்தானே, "தோரணக்குமிழ்" என்றே வைத்துவிடலாம்.

வேண்டாம் ஐயா. சேலத்தில் யாரிடமாவது தோரண விளக்கு என்று சொல்லிப் பாருங்கள், ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குத் தெருவெல்லாம் கட்டுகிற சீரியல் செட்டைத்தான் நினைப்பார்கள். நாம் பேசுவது காரின் கூரையிலும் டிக்கியிலும் இருக்கிற, இரண்டு முனையிலும் உலோகக் கூம்பு மாட்டிய சின்ன பல்பை. அதற்கும் தோரணத்துக்கும் பார்வைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஆங்கிலப் பெயரை மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டுப் பொருளைக் கையில் வைத்துப் பார்ப்போம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

எனக்கு அது கையில் வந்த கதையைச் சொல்கிறேன். போன மாதம் ஏற்காட்டில் ஓர் இரவு தங்கினோம். டிக்கி சரியாக மூடவில்லை, பழைய 10 வாட் பல்பு விடிய விடிய எரிந்திருக்கிறது. 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 0.8 ஆம்பியர் இழுக்கும், பத்து மணி நேரத்தில் 8 ஆம்பியர்-மணி போய்விடும். என் பேட்டரி 35 ஆம்பியர்-மணி, அதுவும் பழசு, மலைக் குளிர் வேறு. காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான். பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்ததும் முதல் வேலையாக உள்விளக்குகளை எல்லாம் எல்.இ.டி.க்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். அதே வெளிச்சத்துக்கு அது 1 வாட், மிஞ்சிப்போனால் 2 வாட்தான் எடுக்கும்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் கேட்டால், "எத்தனை எம்.எம்.?" என்றார் கடைக்காரர். 31, 36, 39, 41 என்று அளவு இருக்கிறது, கூம்பு நுனியிலிருந்து மறு நுனி வரை அளக்க வேண்டும். பழைய பல்பைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து அளக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நான் அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். நடுவில் உருண்டு, இரண்டு பக்கமும் கூம்பி, நுனியில் உலோகம் வைத்து, உள்ளே இழையோடு இருக்கிற சாமானை என் தாத்தா நாளெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விட்டுக்கொண்டிருந்தார். தறி நாடா, நெய்யும்போது குறுக்கு நூலைக் கொண்டுபோகிற கருவி! அதில் நூல் இழை, இதில் மின்னிழை, அவ்வளவுதான் வித்தியாசம். அப்புறம் தேடிப் பார்த்தால் பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பல்பை "நவெத்" என்கிறார்கள், அதற்கும் தறி நாடா என்றே பொருள். ஜெர்மன்காரர்கள் இதைக் கூரையோடு தொடர்புள்ள "சோஃபிட்டெ" என்ற பெயரால் அழைக்கிறார்கள். ஒரே பல்புக்கு ஒவ்வொரு மொழியும் தன் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்திருக்கும்போது நாம் மட்டும் எதற்குத் தோரணத்தை இரவல் வாங்க வேண்டும்?

> அப்படியானால் "நாடாக்குமிழ்" என்றே சொல்லலாமே அண்ணா?

என் மனசும் முதலில் அங்கேதான் போனது தம்பி. ஆனால் நாடா என்றால் பெரும்பாலோருக்குப் பாவாடை நாடா, ஒலிநாடா. இதே எல்.இ.டி. சுருள் சுருளாக, ஒட்டும் பட்டையாகவும் கடையில் கிடைக்கிறது, நாடா என்ற பெயர் நியாயமாக அதற்குத்தான் போய்ச் சேரும். அதனால்தான் ஓடம். அகராதியில் ஓடத்துக்குப் படகு என்ற பொருளோடு தறி நாடா என்ற பொருளும் இருக்கிறது. நெசவு தெரியாதவருக்கும் படகு தெரியும், இரண்டு முனையும் கூம்பிய வடிவம் எப்படியும் மனசுக்குள் வந்துவிடும்.

"ஓட" என்று வினையாகப் படித்துவிடுவார்கள் என்று இன்னொரு நண்பர் பயந்திருந்தார். பிரித்து எழுதினால் அந்தச் சிக்கல் வரும்தான். ஓடக்குமிழ் என்று க் போட்டுச் சேர்த்து எழுதினால் வராது.

> எல்.இ.டி.யில் கண்ணாடிக் குமிழே இல்லையே, தட்டையான பட்டையில் சில்லுகள்தானே இருக்கின்றன?

சரியான கேள்வி. விளக்கு என்று போடலாமா என்று நானும் யோசித்தேன். கூரைவிளக்கு என்பது மூடியோடு சேர்ந்த மொத்த அமைப்பு, அதற்குள் மாட்டுவதையும் விளக்கு என்றால் வேலை செய்கிறவருக்குக் குழப்பம். இப்போது மூக்குக் கண்ணாடியில் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான் இருக்கிறது, யாரும் பெயரை மாற்றவில்லை. குமிழ் இருக்கட்டும்.

டேஷ்போர்டு பெட்டி, நம்பர் பிளேட் பக்கம் வருகிற டபிள்யூ5டபிள்யூ வகையை "ஆப்புக்குமிழ்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அடிக் கண்ணாடியைத் தட்டையாக்கி அப்படியே சாக்கெட்டில் அழுத்துவதால் "செருகுகுமிழ்" எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது, செய்கிற வேலையே பெயரில் இருக்கிறது. எல்.இ.டி. என்பதை அப்படியே விடலாம். அதற்கு இருக்கிற ஒளியுமிழ் இருமுனையமும் இலங்கையின் ஒளிகாலும் இருவாயியும் நல்ல சொற்கள், வகுப்பறைக்குப் பொருத்தம். கடைக்காரரிடம் போய்க் கேட்க முடியாது.

மாட்டுகிறவர்களுக்கு ஒன்று. முதலில் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். இழை பல்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான், எல்.இ.டி. பலவற்றில் மின்சாரம் ஒரு திசையில்தான் போகும், எரியவில்லை என்றால் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நான் முதல் பல்பு பழுது என்று நினைத்துக் கடைக்குத் திரும்பப் போகவே கிளம்பிவிட்டேன்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. மாற்றிய அன்று இரவு எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிய பிறகும் கூரையில் மின்மினி மாதிரி மங்கலாக ஒரு வெளிச்சம். சில வண்டிகளில் அணைத்த பிறகும் சுற்றில் துளி மின்னோட்டம் கசியும், இழையைச் சூடாக்க அது போதாது, எல்.இ.டி.க்குப் போதும். கசிவு மின்னோட்டம் என்ற சொல் ஏற்கெனவே நம்மிடம் இருப்பதால் இதைக் "கசிவொளி" என்று சொல்லிப் பார்க்கிறேன்.

காஞ்சிபுரம், ஆரணிப் பக்கம் தறிக்காரக் குடும்பத்து நண்பர்கள் யாராவது இருந்தால், உங்கள் வீட்டில் நாடாவை ஓடம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா என்று எழுதுங்கள். என் தாத்தா நாடா என்றுதான் சொல்வார்.