எட்டு ஆண்டுகள் நடாஷா கம்புஷ் ஏன் ஓடவில்லை?

செந்தில்வேலன்:
1998 மார்ச் 2 அன்று வியன்னாவில் பள்ளிக்குப் போகும் வழியில் கடத்தப்பட்டபோது நடாஷாவுக்கு வயது 10. தப்பியது 2006 ஆகஸ்ட் 23இல். இடையே, கடத்திய பிரிக்லோபில் அவரைப் பனிச்சறுக்கு விளையாட்டுக்குக்கூட அழைத்துப் போயிருக்கிறான். ஒரு குரல் கொடுத்திருக்கலாமே? அவன் ரயில் முன் பாய்ந்து செத்ததும் அழுதார், பிணவறையில் மெழுகுவர்த்தி ஏற்றினார். இது, பிடித்து வைத்தவனிடமே கைதிக்குப் பற்று வரும் ஸ்டாக்ஹோம் நோய்க்குறி இல்லையென்றால் வேறென்ன?

மலர்விழி:
குரல் கொடுக்கலாமா! கேரேஜுக்கு அடியில், ஜன்னலே இல்லாத சுமார் 5 சதுர மீட்டர் நிலவறையில் வளர்ந்த பெண் அவர். அவன் பட்டினி போட்டான், அடித்தான், தலையை மழித்தான். வீட்டின் கதவுகளிலும் ஜன்னல்களிலும் வெடிபொருள் வைத்திருப்பதாக மிரட்டினான். யாரிடமாவது உதவி கேட்டால் அவர்களையும் கொல்வேன் என்றான். பத்து வயதுப் பிள்ளை இதை நம்பாமல் என்ன செய்யும்? சோறும் வெளிச்சமும் அவன் கையில். பேசுவதற்கு இருந்த ஒரே மனிதனும் அவன்தான். அவன் செத்தபோது அழுகை வந்ததற்கு ஒரு நோயின் பெயர் எதற்கு?

முகிலன்:
பெயர் வைப்பது பழிப்பது ஆகாது, மலர்விழி. ‘அவளும் உடந்தை’ என்று தூற்றுகிறவனிடம், மனம் இப்படியும் வளையும் என்று சொல்ல அந்தப் பெயர் உதவுகிறது. நடாஷா அதை மறுக்கிறார் என்பதாலேயே அது தவறாகிவிடாது.

மலர்விழி:
அந்தப் பெயர் எங்கே பிறந்தது? 1973இல் ஸ்டாக்ஹோம் வங்கிக் கொள்ளையில் பிணைக்கைதியாக இருந்த கிறிஸ்டின் என்மார்க், போலீசார் உள்ளே புகுந்தால் செத்துவிடுவோம் என்று அஞ்சி, ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மேயிடமே தொலைபேசியில் மன்றாடினார். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. போலீசுக்கு ஆலோசகராக இருந்த மனநல மருத்துவர் பெயெரோட், அவரிடம் பேசாமலே அதை நோயாக்கினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இன்றுவரை அப்படியொரு நோய் இல்லை. சிக்கியவரின் வாயை அடைக்கத்தான் அது பயன்படுகிறது. எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

செந்தில்வேலன்:
சரி, 2006இல் முடிந்தது அதற்கு முன் ஏன் முடியவில்லை?

தமிழரசி:
நடாஷாவே சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வயதில், பதினெட்டு வயதான தன்னையே மனக்கண்ணில் கண்டாராம். ‘இப்போது நீ சிறுமி, வளர்ந்ததும் நான் உன்னை மீட்பேன்’ என்று அந்தப் பெரியவள் வாக்குக் கொடுத்தாளாம். தப்பியபோது அவருக்குச் சரியாக 18 வயது. தோட்டத்தில் அவனுடைய காரை வாக்குவம் கிளீனரால் சுத்தம் செய்துகொண்டிருந்தார். தொலைபேசி அழைப்பு வர, இரைச்சல் தாங்காமல் அவன் விலகிப் போனான். உடனே ஓடினார். வழியில் கேட்டவர்கள் உதவவில்லை. ஒரு மூதாட்டியின் ஜன்னலைத் தட்டிய பிறகே போலீசுக்குத் தகவல் போனது. வெள்ளை வேனில் இழுத்துப் போனதை 1998இலேயே ஒரு சிறுமி பார்த்துச் சொல்லியிருந்தாள். போலீசார் அவன் வீடுவரை வந்து வேனைப் பார்த்தார்கள். கட்டட வேலைக்கு என்றான், போய்விட்டார்கள். வீட்டைச் சோதிக்கவில்லை.

முகிலன்:
போலீசைப் பற்றிச் சொன்னதை மறுக்க மாட்டேன். ‘அவளும் உடந்தை’ என்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் யாராவது எழுதுங்கள். ஆஸ்திரியாவில் அவரை இன்னும் அப்படித் தூற்றுகிறார்கள்.